பாணி மருந்தோடு அளவும் வேண்டும்

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் எமது பிள்ளைகள் தோட்டத்துக்கு வரும்போது, பையில் உடுப்பு, பிஸ்கட்டோடு தம்பி தங்கைக்கு ஒரு போத்தல் காய்ச்சல் பாணியும் இருக்கும். தோட்ட டிஸ்பென்சரியில் இல்லாத மருந்து காலி வீதிப் பாமசியில் கிடைக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போத்தல் லயத்துக்கு வந்து சேரும்போது பெட்டி இருக்காது, அளவுக் கப் இருக்காது. லேபல் ஆங்கிலத்தில் இருக்கும். "ஒரு கரண்டி, மூன்று வேளை" என்று கவுண்டரில் சொன்னது மட்டும் வாய்வழியாக வந்து சேரும்.

எந்தக் கரண்டி? மருந்துக் கணக்கில் தேக்கரண்டி என்றால் 5 மில்லிலீற்றர், மேசைக்கரண்டி என்றால் 15. வீட்டில் தேநீர் கலக்கும் கரண்டிக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை. கிரேக்க நாட்டில் 25 வீடுகளின் கரண்டிகளை அளந்து 2010இல் வெளியிட்டார்கள். தேக்கரண்டிகளில் மிகச் சிறியது 2.5 மில்லிலீற்றர் பிடித்தது, மிகப் பெரியது 7.3. அதே "ஒரு கரண்டி" ஒரு வீட்டுப் பிள்ளைக்குப் பாதி மருந்து, இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றரை மடங்கு.

கரண்டி சரியாக இருந்தாலும் பிரச்சினை முடியாது. இங்கே விற்கும் பரசிற்றமோல் பாணியில் பொதுவாக 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் மருந்து உண்டு. இந்தியாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் போத்தலில் அதே 5 மில்லிலீற்றரில் 250 இருக்கலாம். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லிலீற்றரில் 100. அதைப் பாணி என்று நினைத்து 5 மில்லிலீற்றர் கொடுத்தால் 500 மில்லிகிராம், அதாவது பெரியவர் போடும் ஒரு முழுக் குளிசை. பிள்ளையின் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு தடவைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பதே கணக்கு. 10 கிலோ பிள்ளைக்கு 150ஐத் தாண்டக் கூடாது.

தாண்டினால் அடி விழுவது ஈரலுக்கு. டெங்குக் காய்ச்சலிலும் ஈரல் பாதிக்கப்படும் என்பதால் ஆபத்து இரட்டிப்பாகிறது. 2017இல் இந்நாட்டில் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது. கொழும்பில் வேலை செய்து திரும்பும் எவருக்கும் அந்த ஆண்டு மறக்காது. காய்ச்சல் குறையவில்லையே என்று இன்னொரு கரண்டி ஊற்றும் கை பாசத்தால்தான் ஊற்றுகிறது.

எமது வீடுகளில் மருந்து ஊற்றுவதும் ஒரு கையல்ல. காலையில் மலைக்குப் போகுமுன் தாய், பகலில் பிள்ளைக் காம்பராவில் ஆயா, அந்தியில் பாட்டி. கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தது என்று போத்தலில் எழுதி ஒட்டாவிட்டால் மூவரும் கொடுப்பார்கள், அல்லது ஒருவரும் கொடுக்கமாட்டார்கள். தூளாக வரும் அன்டிபயோட்டிக் பாணி இன்னும் மோசம். ஆறிய கொதிநீரை எந்தக் கோடு வரை ஊற்றுவது என்பதே ஆங்கிலத்தில். கலக்கியபின் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டிய வகைகளும் உண்டு. லயன் காம்பராவில் அதற்கு எங்கே போவது? கொடுக்கும்போதே இதைக் கேட்டு, முடிந்தால் வேறு மருந்து தருவது மருந்து கொடுப்பவரின் வேலை.

ஏதாவது நடந்துவிட்டால் "படிக்காத தாய், கவனயீனம்" என்று முடித்துவிடுகிறார்கள். இதை நாம் ஏற்கமாட்டோம். அமெரிக்காவில் அதிகம் விற்கும் 200 சிறுவர் திரவ மருந்துகளைப் பரிசோதித்து 2010இல் வெளியிட்டார்கள். 52 மருந்துகளோடு அளக்கும் கருவியே இல்லை. கருவி இருந்த 148இல் 146இல் லேபலில் எழுதியதும் கருவியில் இருந்த கோடுகளும் ஏதோ ஒரு விதத்தில் பொருந்தவில்லை. 2016இல் வெளியான இன்னோர் ஆய்வில் அதே நாட்டில் 2,000க்கு மேற்பட்ட பெற்றோரை அளக்கச் சொன்னார்கள். நூற்றுக்கு 84 பேர் ஒரு தடவையாவது பிழையாக அளந்தார்கள். கப்பால் அளந்தபோது பிழை அதிகம், ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்தபோது குறைவு. குறை தாயிடம் அல்ல, அவள் கையில் கொடுக்கப்படும் பொருளில். கொழுந்து நிறுக்கும்போது தராசை உற்றுப் பார்த்து அரைக் கிலோவுக்காக வாதாடும் பெண்களுக்கு அளவு தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

தமிழ் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் முதல் அரச கரும மொழி. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை, சிறுவர் திரவ மருந்து ஒவ்வொன்றோடும் மில்லிலீற்றர் குறித்த சிரிஞ்ச் இருக்க வேண்டும், அளவு தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும் என்று கட்டளையிட வேண்டும். கம்பனிகள் தோட்ட டிஸ்பென்சரிகளுக்கு இந்தச் சிரிஞ்சுகளை வாங்கித் தரட்டும், பெரிய செலவல்ல. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பாமசிக்காரர்கள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வாங்க வருவோர் பெரும்பாலும் தமிழர், கவுண்டரில் நிற்பவரும் பல இடங்களில் எமது பிள்ளைதான். "5 மி.லீ., ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை" என்று தமிழில் எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்? வீட்டுவேலைக்குப் போயிருக்கும் பெண்களும் அந்த வீட்டுப் பிள்ளைக்கு மருந்து கொடுக்கச் சொன்னால் அளவை எழுதித் தரும்படி கேளுங்கள். பிழை நேர்ந்தால் பழி முதலில் உங்கள்மேல்தான் வரும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும் தலைவிமார், வீட்டில் இருக்கும் பாணிப் போத்தலையும் அதற்குப் பாவிக்கும் கரண்டியையும் கொண்டுவரவும். நாம் சிரிஞ்ச் கொண்டுவருகிறோம். எந்தக் கரண்டி எவ்வளவு பிடிக்கிறது என்று அங்கேயே தண்ணீர் ஊற்றி அளந்து, அந்தக் கணக்கையும் கோரிக்கைக் கடிதத்தோடு அனுப்புவோம்.