இரும்புச் சாவி உயிர் காக்காது

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஷிப்டு நேரத்தில் ஒரு தொழிலாளி திடீரென்று விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கை கால் உதறுகிறது. நாலு பேர் ஓடி வருகிறார்கள். "காக்காய் வலிப்பு" என்கிறார் ஒருவர். சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார் இன்னொருவர். வேறொருவர் வாயில் தண்ணீர் ஊற்றுகிறார். எல்லோருக்கும் நல்ல எண்ணம்தான். ஆனால் விழுந்தவர் மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பவர் எவருமில்லை.

இது உயிரைக் குடிக்கும் தவறு. உதறலெல்லாம் வலிப்பு அல்ல. இதயத்துடிப்பு தாறுமாறாகி ரத்த ஓட்டம் நின்றுபோனால், மூளைக்கு ரத்தம் கிடைக்காமல் அப்போதும் கை கால் சிறிது நேரம் உதறும். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

வெயிலிலோ பட்டினியிலோ நெடுநேரம் நின்று வரும் சாதாரண மயக்கத்தில், முன்னதாக வியர்க்கும், கண் இருளும். படுக்க வைத்தால் சீக்கிரம் தெளியும். வலிப்பில் உடல் விறைத்து, உதறல் ஓரிரு நிமிடம் நீடிக்கும். நாக்கின் ஓரம் கடிபடலாம். தெளிந்த பிறகும் குழப்பம் இருக்கும். பாரம் தூக்கும்போதோ, ஓடும்போதோ, முன்னறிகுறியின்றியோ விழுந்தால் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும். குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். எனவே, முதல் முறை நினைவிழந்து விழுந்த ஒவ்வொருவருக்கும் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரையும் பார்க்க வேண்டும். இவை சில நிமிட வேலைதான். ஒரு இ.சி.ஜி. சரியாக இருந்தால் மட்டும் இதயத்தில் கோளாறே இல்லை என்று ஆகிவிடாது. ஆகவே, கண்ணால் கண்ட தொழிலாளி ஒருவர் உடன் சென்று, நடந்ததை டாக்டரிடம் சொல்வது மிக மிக முக்கியம்.

டாக்டர் தேவி ஷெட்டி 2000ஆம் ஆண்டில் நிறுவிய பெரிய இதய ஆஸ்பத்திரி பொம்மசந்திராவில்தான் இருக்கிறது. நரம்பு நோய்க்குப் பேர்பெற்ற நிம்ஹான்ஸ் இதே ஓசூர் ரோட்டில் இருக்கிறது. மெட்ரோ ரயிலும் 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது. ஆனால் நோயாளியின் வண்டி சாலை நெரிசலில்தான் போக வேண்டும். இதயம் நின்றவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும், பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைகிறது. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்து என்ன பயன், முதல் ஐந்து நிமிடம் வீணானால்?

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் கால்பந்து மைதானத்தில் டென்மார்க் வீரர் எரிக்சன் இதயம் நின்று விழுந்தார். அங்கேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து அவரைப் பிழைக்க வைத்தார்கள். அடுத்த ஆண்டே அவர் மறுபடியும் ஆடினார். விளையாட்டு வீரனுக்குக் கிடைக்கும் அந்த ஐந்து நிமிடம் நம் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டாமா?

விழுந்தவர் கூப்பிட்டும் அசையாமல், சரியாக மூச்சு விடாமல் இருந்தால் உடனே 108ஐ அழையுங்கள். நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை பலமாக அழுத்துங்கள். விட்டு விட்டு வாயைத் திறந்து திணறுவது மூச்சு அல்ல. மூச்சு இருந்து உதறினால், யந்திரத்தை நிறுத்தி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்; கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108தான். வாயில் எதையும் வைக்கக் கூடாது. இரும்பு எந்த உதறலையும் நிறுத்தாது.

இன்னொரு உண்மையும் உண்டு. "வலிப்பு என்று எழுதிவிட்டால் வேலை போய்விடும்" என்ற பயத்தில், விழுந்ததையே மறைப்பவர்கள் நம்மவர்களில் பலர். ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள் என்ற பயம் வேறு. திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைத் தடையாக வைத்திருந்த விதியே 1999ல் நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் விட்டதை நாம் பிடித்துக்கொண்டிருக்கலாமா? மறைப்பவர் சிகிச்சை இல்லாமல் மறுநாளும் பிரஸ் யந்திரத்தின் முன் நிற்கிறார். ஆபத்து அவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும்தான்.

நிர்வாகங்கள் இந்தப் பயத்தைப் போக்க வேண்டும். டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஆபத்தில்லாத வேலை கொடுக்கலாம். வீட்டுக்கு அனுப்புவது தீர்வாகாது. ஒவ்வொரு ஷிப்டிலும் முதலுதவிப் பயிற்சி பெற்றவர்கள் இருக்க வேண்டும். பெரிய ஆலைகள் மின்னதிர்ச்சிக் கருவியை வாங்கி வைக்க வேண்டும். முதலுதவி முறையைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். போனஸுக்கும் சம்பளத்துக்கும் குரல் கொடுக்கும் தொழிற்சங்கங்கள் இதையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும்.

பிழைப்புக்காகப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள் நாம். ஊருக்குப் பணம் போகலாம். பிணம் போகக் கூடாது.