கட்டைக்குள் இருக்கும் குழல்

டென்மார்க்கின் தலைநகரமாகிய கோபன்ஹேகனில், 1958-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 28-ஆம் தேதி பிற்பகல் 1 மணி 58 நிமிஷத்துக்கு, ஒரு பொம்மைக் கட்டைக்காகக் காப்புரிமை விண்ணப்பம் ஒன்று தாக்கலாயிற்று என்பதை, இன்று எத்தனையோ தேசங்களில் நரை கண்ட ஆண்களும் பெண்களும், வீட்டுக் குழந்தையின் ஜாதகத்தைக் கணிக்கக் கொடுப்பவர்களைப் போல, நிமிஷ சுத்தமாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். லெகோ கட்டையின் ஜன்ம தினம் அது. அந்தத் தேதி வந்தால், அபிமானிகள் பழைய பெட்டிகளை இறக்கித் தூசு தட்டி, கட்டைகளாலேயே கேக்கும் மெழுகுவத்தியும் கட்டிக் கொண்டாடுகிறார்கள்.

பிளாஸ்டிக் துண்டுக்குப் பிறந்த நாளா என்று சிரிப்பவர்களோடு சேர்ந்து சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த அபிமானிகள் தங்களுக்குள் வழங்கிவரும் சொல் ஒன்று உண்டு. பதினாலு பதினைந்து வயதில், வெட்கத்தினாலோ பரீட்சைக் கவலையினாலோ கட்டைப் பெட்டியை மூடிவைத்துவிட்டு, பிற்பாடு உத்தியோகமும் குடும்பமும் ஏற்பட்டு, பெற்ற பிள்ளையைச் சாக்காக வைத்து அதை மறுபடியும் திறக்கும் வரையில் கழிந்துபோன வருஷங்களை அவர்கள் ‘இருண்ட காலம்’ என்கிறார்கள். விளையாடாத காலத்தை இருள் என்று சொல்லத் தெரிந்தவர்களைப் பரிகசிப்பதற்கு நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? எனக்குள்ள ஆட்சேபம் கொண்டாட்டத்தைப் பற்றியதல்ல. அதில் ஒருவருடைய பெயர் போதிய அளவு உச்சரிக்கப்படவில்லை என்பதுதான்.

ஜட்லண்டு தீபகற்பத்தில் பில்லுண்டு என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் இருந்தார். உலகெங்கும் பணமுடை பரவி, வீடு கட்டுவோர் இல்லாமற்போன 1932-இல், அவர் ஏணி, முக்காலி முதலிய சாமான்களோடு மரப்பொம்மைகளும் செய்யத் தொடங்கினார். ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் ‘லெக் கோட்’ என்ற இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கி, 1934-இல் தொழிலுக்கு லெகோ என்று பெயரிட்டார். மர வாத்துகளுக்கு மூன்று பூச்சு வார்னிஷ் பூசுவது அவர் பட்டறையின் நியமம். ஒருநாள் மகன் காட்ஃபிரெட், இரண்டே பூச்சோடு சரக்கை அனுப்பிப் பணம் மிச்சம் பிடித்ததாகப் பெருமையோடு சொல்ல, தகப்பனார் அவனை ரயில் நிலையத்துக்குத் திருப்பி அனுப்பிப் பெட்டியை மீட்டுக் கொண்டுவரச் செய்து, மூன்றாவது பூச்சையும் அவன் கையாலேயே பூசவைத்தார் என்று அந்த ஸ்தாபனத்தின் சரித்திரம் சொல்கிறது. கதை சற்று மெருகேறியிருக்கலாம். வார்னிஷ் பற்றிய கதையல்லவா!

ஆனால், பிளாஸ்டிக் கட்டை இந்தத் தச்சருடைய சொந்தக் கற்பனையன்று. ஹிலரி ஃபிஷர் பேஜ் என்ற ஆங்கிலேயர், தம்முடைய கிட்டிகிராஃப்ட் கம்பெனியின் மூலம், ஒன்றன்மேல் ஒன்று அமரும் குமிழ் வைத்த கட்டைகளை முன்னமே விற்றுக்கொண்டிருந்தார். வார்ப்பு இயந்திரம் வாங்கிய பில்லுண்டுக்காரர்களின் கைக்கு அதன் மாதிரி வந்து சேர, அவர்கள் உருண்ட மூலைகளை நேராக்கி, அங்குல அளவை மில்லிமீட்டருக்கு மாற்றி, 1949-இல் தங்கள் கட்டையை வெளியிட்டார்கள். பேஜ் 1957-இல் காலமானார். அடுத்த ஜனவரியில் நடந்ததைப் பார்க்க அவர் இல்லை.

அந்த ஜனவரியில் நடந்தது என்ன? அதுவரையில் கட்டையின் உட்புறம் வெறும் பொள்ளல். அடுக்கினால் நிற்கும், குழந்தை ஆசையோடு தூக்கினால் வீடு உதிர்ந்து போகும். ஜெர்மனியில் இதைப் பற்றிக் குறை கிளம்பவே, காட்ஃபிரெட் சில நாட்களுக்குள் ஒரு பரிகாரம் கண்டார். எட்டுக் குமிழ்க் கட்டை ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள்: உள்ளே மூன்று குழல்கள் வரிசையாக நிற்கும். கீழ்க் கட்டையின் நான்கு குமிழ்கள் கூடும் இடைவெளியில் குழல் ஒவ்வொன்றும் நெருக்கிக்கொண்டு இறங்குகிறது. நெருக்கம் மயிரிழையளவுதான், பிளாஸ்டிக் ஒரு கணம் விட்டுக்கொடுத்து, மறுகணம் பழைய உருவத்துக்குத் திரும்ப முயன்று பிடித்துக்கொள்கிறது. குமிழின் குறுக்களவு 4.8 மில்லிமீட்டர், ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்ததின் மையம் 8 மில்லிமீட்டர். இதில் ஒரு துளி கூடினால் குழந்தையால் பிரிக்க முடியாது, ஒரு துளி குறைந்தால் கோபுரம் நிற்காது. இப்படிப்பட்ட ஒரே நிறத்துக் கட்டைகள் ஆறை 91 கோடியே 51 லட்சத்துக்கும் அதிகமான விதங்களில் இணைக்கலாம் என்று கோபன்ஹேகன் சர்வகலாசாலையின் கணித சாஸ்திரிகள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். விண்ணப்பம் தாக்கலான சில வாரங்களில், மார்ச் மாதம், கிழவர் ஓலே கிர்க் கண்ணை மூடினார்.

ஆகவே, அபிமானிகள் 1949-ஐ விட்டு 1958-ஐக் கொண்டாடுவது மிகவும் சரி. குமிழ் பேஜுடையது, குழல் காட்ஃபிரெடுடையது. அதற்குப் பின் ஸ்தாபனத்துக்குச் சேர வேண்டிய புகழ், அந்த அளவைப் பிறழாமல் காத்த புகழ். ஆதியில் வளைந்தும் நிறம் மங்கியும் போன செல்லுலோஸ் அசிடேட்டை 1963-இல் விட்டுவிட்டு வேறு பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள், அளவை மாற்றவில்லை. புதிய சரக்கை விற்பதற்காகப் பழையதைப் பயனற்றதாக்கும் இக்காலத்து வியாபார தர்மத்தில் இது அபூர்வமான காரியம்.

காப்புரிமை காலாவதியான பிறகும் கட்டையின் வடிவத்தை வியாபாரச் சின்னம் என்ற பெயரால் நிரந்தரமாகத் தனதாக்கிக்கொள்ள இந்த ஸ்தாபனம் செய்த பிரயத்தனத்தை மட்டும் என்னால் ரசிக்க முடியவில்லை. 2005-இல் கனடாவின் உச்ச நீதிமன்றமும், 2010-இல் ஐரோப்பிய நீதிமன்றமும், வேலை செய்யும் உறுப்பைச் சின்னமாக்க இயலாது என்று மறுத்துவிட்டன; நியாயமான தீர்ப்புகள் என்பதே என் அபிப்பிராயம். இன்னொருவருடைய குமிழைப் பார்த்துத் தொடங்கியவர்கள், தங்கள் குமிழைப் பிறர் பார்த்துவிடக் கூடாது என்று வழக்காடுவது பொருந்துமா? கிட்டிகிராஃப்ட் கட்டையின் உரிமைகளை 1981-இல் அவர்கள் விலைகொடுத்து வாங்கிக்கொண்டதும், பேஜின் கட்டையைத் தம் சரித்திரத்தில் இப்போது ஒப்புக்கொள்வதும் வாஸ்தவமே. ஆயினும், பிறந்த நாள் கேக்கில் அந்த ஆங்கிலேயருக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினால் கட்டைக்குக் குறைவு வந்துவிடாது.

ஐரோப்பாவில் நெடுங்காலம் இருந்து திரும்பிய நண்பர் ஒருவர், தம் மூத்த மகன் எழுபதுகளில் விளையாடிய சிவப்புக் கட்டை ஒன்றை என்னிடம் காட்டினார். ஒரு விளிம்பில் சிறிய பள்ளங்கள். நகத்தால் பிரிக்க முடியாதபோது பையன் பல்லால் கடித்துப் பிரித்த அடையாளம். பேத்திக்குச் சென்ற மாதம் வாங்கிய மஞ்சள் கட்டையை அதன்மேல் வைத்து அழுத்தினேன். ‘டக்’ என்று அமர்ந்தது. பிரித்துக் கொடுப்பதற்குத்தான், நண்பர் பார்க்காத சமயமாகப் பார்த்து, நானும் பல்லை உபயோகிக்க வேண்டியதாயிற்று.