பிடுங்க மனம் வரவில்லை

தக்காளியில் இலைச்சுருள் நோய் கண்டால் அன்றே செடியைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது என் கட்சி. பட்டபின் வந்த புத்தி.

மொட்டை மாடியில் எட்டுத் தொட்டி வைத்திருந்தேன். ஒன்றில் இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு, செடி குட்டையாக நின்றுவிட்டது. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். வந்த செடிக்கு மருந்து கிடையாது. தெரிந்தும், மனைவி பழத்திலிருந்து விதை எடுத்து வளர்த்த செடியாயிற்றே என்று வேப்பெண்ணெய் அடித்துப் பத்து நாள் காத்திருந்தேன். பக்கத்துத் தொட்டிகள் மூன்றும் சுருண்டன.

வேப்பெண்ணெயைக் குறை சொல்லவில்லை. லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, சில சொட்டு சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளித்தால் ஈ குறையும். ஈதான் குறையும்; நோய் போகாது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டேன்.

காய்ப்புழு சங்கதி வேறு. காயில் வட்ட ஓட்டை போட்டு, தலையை உள்ளே விட்டு, உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு தின்னும். வீட்டுத் தொட்டிக்கு இதற்காகப் பூச்சிமருந்து வாங்குவது வீண் செலவு. காலையில் காப்பி குடித்த கையோடு போய்ப் புழுவைப் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடலாம். ஓட்டை விழுந்த காயையும் பறித்துவிட வேண்டும்.

இந்த முறை ஆறு தொட்டிதான். நேற்று ஒன்றில் நுனி இலை சுருண்டிருந்தது. கடும் வெயிலிலும் அப்படி ஆகும் என்று சாயங்காலம் வரை பார்த்தேன். விரியவில்லை, குருத்து வேறு மஞ்சளித்திருந்தது. ஈ பறக்காமல் மேலே ஒரு பையைக் கவிழ்த்து, வேரோடு பிடுங்கினேன். மனைவி பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.