அரிசியில் சேராத சத்து

நியாயவிலைக் கடை அரிசியை முறத்தில் இட்டுப் புடைக்கும்போது, பளபளப்பில் சற்றே மாறுபட்ட மணிகளைப் பொறுக்கி எறிந்துவிடும் வழக்கம் தமிழகத்தில் பல ஊர்களில் இருக்கிறது. 'பிளாஸ்டிக் அரிசி' என்று பரவிய வதந்தியே இதற்குக் காரணம். உண்மையில் அவை அரிசி மாவுடன் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைக் கலந்து மீண்டும் அரிசி வடிவில் வார்க்கப்பட்ட மணிகள். நூறு சாதாரண மணிகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இவை கலக்கப்படுகின்றன. அரசு செலவிட்டுச் சேர்த்த சத்து, அடுப்பேறும் முன்பே குப்பைக்குப் போகிறது.

அரிசி செறிவூட்டல் சிறிய திட்டமன்று. தமிழகத்தில் 2020-இல் திருச்சி மாவட்டத்தில் சோதனை முறையில் தொடங்கியது. 2021 சுதந்திர தின உரையில், அரசின் எல்லா உணவுத் திட்டங்களிலும் 2024-க்குள் செறிவூட்டப்பட்ட அரிசியே வழங்கப்படும் என்று பிரதமர் அறிவித்தார். 2024 அக்டோபரில் ரூ.17,082 கோடி மதிப்பில் இத்திட்டத்தை 2028 டிசம்பர் வரை நீட்டிக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

இதற்கான தேவை குறித்துக் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கும் ரத்தசோகை உள்ளது. குழந்தைகளின் விகிதம் முந்தைய ஆய்வில் 50.7 ஆக இருந்தது. சத்துணவுத் திட்டத்தால் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலத்தில் இந்த எண் கூடியிருப்பது கவலைக்குரியது.

செறிவூட்டப்பட்ட அரிசியால் எவ்வளவு இரும்பு கிடைக்கிறது? ஒரு கிலோவில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும் என்பது தர விதி. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நபருக்கு மாதம் 5 கிலோ என்று கொண்டால், நாளொன்றுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 5 முதல் 7 மில்லிகிராம். ஆனால், வயது வந்த பெண்ணுக்கு நாள்தோறும் 29 மில்லிகிராம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். மேலும், உண்ட இரும்பெல்லாம் ரத்தத்தில் சேர்வதில்லை. தானியமும் பருப்பும் சார்ந்த உணவில் உள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்குகூட உடலில் சேர்வது அரிது. தானியங்களில் உள்ள பைட்டேட்டும், சாப்பிட்டவுடன் பருகும் தேநீரின் டானினும் அதைத் தடுக்கின்றன.

இந்தத் தடையைத் தளர்த்தக்கூடியது வைட்டமின் சி. அதே வேளை உணவில் இருந்தால், தாவர இரும்பை உடல் ஏற்கும் வடிவுக்கு அது மாற்றுகிறது. அப்படியென்றால் இரும்போடு வைட்டமின் சி-யையும் அரிசியிலேயே சேர்த்துவிட்டால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பு.

விடை விழுப்புரம் மாவட்டத்திலேயே, மரக்காணம் உப்பளங்களில் தொடங்குகிறது. இந்தியாவில் செறிவூட்டல் பெற்ற முதல் பெரிய வெற்றி அயோடின் உப்புதான். நேரடியாக உண்பதற்கு அயோடின் கலவாத உப்பை விற்க 2006 மே 17 முதல் நாடெங்கும் தடை உள்ளது. உப்பு ஏழை, பணக்காரர் எல்லார் வீட்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் பயன்படுவது. அதில் சேர்க்கப்படும் பொட்டாசியம் அயோடேட் எளிதில் சிதையாதது. ஆகவே அத்திட்டம் நிலைத்தது.

வைட்டமின் சி-யின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அது நீரில் கரையும், காற்றுப்பட்டால் சிதையும், வெப்பத்தில் அழியும். அரிசியைக் களைந்து, கொதிக்க வைத்து, கஞ்சி வடிக்கும் நம் சமையல் முறையில் இந்த மூன்றும் ஒருங்கே நிகழ்கின்றன. இது வெறும் ஊகமன்று. 1980-களில் சோமாலியா, சூடான் நாடுகளின் அகதி முகாம்களில் ஸ்கர்வி நோய் பரவியது. அதன் பின்னணியில், அமெரிக்க உணவு உதவியாக அனுப்பப்படும் மக்காச்சோள - சோயா மாவில் வைட்டமின் சி அளவை 100 கிராமுக்கு 40 மில்லிகிராமிலிருந்து 90 மில்லிகிராமாக உயர்த்தலாமா என்று ஆராயப்பட்டது. மாவைக் கூழாகக் காய்ச்சும்போது அச்சத்தின் பெரும்பகுதி அழிந்துவிடுவது தெரிந்தது. அளவை உயர்த்த வேண்டியதில்லை என்று 1997-இல் வெளியான நிபுணர் குழு அறிக்கை கூறியது.

நம் நாட்டின் 2018-ஆம் ஆண்டு செறிவூட்டல் விதிகளும் அரிசி, கோதுமை மாவுக்கு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றையும், எண்ணெய், பாலுக்கு வைட்டமின் ஏ, டி ஆகியவற்றையும் முதன்மையாக வகுத்தன. அன்றாடம் சமைக்கும் அடிப்படை உணவுகளில் வைட்டமின் சி சேர்க்கும் வழியை அவை நாடவில்லை. அது சரியான முடிவே.

ஆனால், ஆலையில் சேர்க்க முடியாத இந்தச் சத்தை நம் மரங்கள் தாராளமாகவே தருகின்றன. பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவையான வைட்டமின் சி 65 மில்லிகிராம், ஆணுக்கு 80. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. பெருநெல்லியில் அதைவிடவும் கூடுதல். முருங்கைக்கீரையிலும் கணிசமாக உண்டு. வேக வைத்தால் ஒரு பகுதி குறையும். கோடையில் திண்டிவனம் சாலையோரம் குவியும் தர்ப்பூசணி தாகம் தீர்க்கும். ஆனால் அதில் வைட்டமின் சி சிறிதளவே. எந்தப் பழமும் எல்லாச் சத்தும் தந்துவிடும் என்ற எண்ணத்தையும் நாம் கைவிட வேண்டியுள்ளது.

நம் சமையலறைகள் இதை ஓரளவு அறிந்தே இருக்கின்றன. எலுமிச்சைச் சாதத்துக்கு அடுப்பை அணைத்த பின்னரே சாறு பிழிகிறார்கள். கசந்துவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம்; வைட்டமின் சி-யும் அதனால் காக்கப்படுகிறது. பள்ளிச் சத்துணவின் கலவைச் சாதப் பட்டியலில் எலுமிச்சைச் சாதத்துக்கு இடம் உண்டு. ஆனால், முட்டைக்கும் பயறுக்கும் கிடைத்த உறுதியான இடம் பழத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை. 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்துக்கும் இது பொருந்தும்.

இதில் மிகைப்படுத்தலும் ஆகாது. ரத்தசோகை எல்லாமே இரும்புக் குறைபாட்டால் வருவதன்று. குடற்புழு, பி12 குறைபாடு, பரம்பரை ரத்தக் கோளாறுகள் ஆகியவையும் காரணங்கள். செறிவூட்டப்பட்ட அரிசியில் உள்ள ஃபெரிக் பைரோபாஸ்பேட் வகை இரும்புக்கு வைட்டமின் சி தரும் உதவி, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புக்குத் தரும் உதவியைவிடக் குறைவு. ஒரு வேளை உணவில் தெளிவாகத் தெரியும் பலன், மாதக்கணக்கில் பார்க்கும்போது சுருங்குவதாகவும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே பழம் மாத்திரைக்கு மாற்றன்று. மாத்திரையும் அரிசியும் செய்யும் பணிக்குத் துணை.

இந்தத் துணையை ஏற்படுத்த விழுப்புரம் மாவட்டம் ஏற்ற களம். திண்டிவனத்தில் சிப்காட் உணவுப் பூங்கா அமைகிறது. அங்கு வரும் ஆலைகள் சர்க்கரைக் கரைசலில் அஸ்கார்பிக் அமிலத்தைக் கலந்து 'வைட்டமின் சி நிறைந்தது' என்று அச்சிட்டு விற்பது எளிது. உலகச் சந்தையில் அந்த அமிலத்தின் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. அதனால் உள்ளூர் உழவருக்கு ஒரு பயனும் இல்லை. மின்வணிகத் தளங்கள் இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவில் விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு அறிவுறுத்தியதை இங்கு நினைவுகூர வேண்டும். குளிர்பதனக் கிடங்கு, தரம் பிரித்தல், நெல்லியையும் கொய்யாவையும் பள்ளிகளுக்கு வாரந்தோறும் கொண்டுசேர்க்கும் போக்குவரத்து ஆகியவற்றுக்கு அந்தப் பூங்கா முன்னுரிமை தருமானால், உழவருக்கு நிலையான கொள்முதலும் குழந்தைகளுக்குப் பழமும் ஒருசேரக் கிடைக்கும்.

முதற்படியாக, விழுப்புரம், திண்டிவனம் வட்டங்களின் அரசுப் பள்ளிகளில் வாரம் இருமுறை மதிய உணவுடன் ஒரு கொய்யா அல்லது நெல்லிக்காய் வழங்கலாம். ஓராண்டுக்கு முன்னும் பின்னும் மாணவர்களின் ஹீமோகுளோபின் அளவைச் சோதித்து முடிவை வெளியிட வேண்டும். பலன் இருந்தால் விரிவாக்கலாம். இல்லையேல் காரணத்தை அறியலாம். செலவு உண்டுதான், ஆனால், முட்டை வழங்கத் தொடங்கியபோதும் இதே தயக்கம் இருந்தது.

அதோடு, நியாயவிலைக் கடைகளில் அந்த மாறுபட்ட மணி எது, ஏன் என்று அரிசி வாங்குவோருக்கு விளக்கும் பொறுப்பும் அரசுக்கு இருக்கிறது. நம்பிக்கையோடு உண்ணாத உணவில் எத்தனை சத்தைச் சேர்த்தாலும் அது முறத்தோடு வெளியேறிவிடும்.