ஸ்டீரியோ ஃபில்டர் வாங்கினால் மட்டும் போதுமா?

மாடுலர் சிந்தசைசரில் ஸ்டீரியோ அனலாக் ஃபில்டரைச் சேர்த்தாலே ஒலி பிரம்மாண்டமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது பாதி உண்மைதான்.

லோ-பாஸ் ஃபில்டர், கட்-ஆஃப் எல்லைக்கு மேலுள்ள அதிர்வெண்களைக் குறைக்கும். ஸ்டீரியோ என்றால் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இரண்டிலும் ஒரே கட்-ஆஃப் வைத்து மோனோ ஒலியை அனுப்பினால், வெளியே வருவதும் கிட்டத்தட்ட மோனோதான். கட்-ஆஃபை விலக்கினால்தான் ஒலி விரியும்.

சிக்கலும் அங்கேதான். ஃபில்டர் அலைகளைச் சற்றுத் தாமதப்படுத்தும். இரு பக்கத் தாமதமும் வேறுபட்டால், ஒற்றை ஸ்பீக்கர் ப்ளூடூத் பெட்டியில் கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அமுக்கிவிடும். ஹெட்போனில் மிரட்டிய ஒலி அங்கே சப்பென்று ஆகிவிடும்.

கேட்பவர் கையில் என்ன ஸ்பீக்கர் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? அதனால் விலக்கல் அளவோடு இருக்கட்டும். ரெக்கார்ட் செய்யும் முன் ஒருமுறை மோனோவில் கேட்டுப் பாருங்க. அதற்குச் செலவே இல்லை!