ரோந்து வண்டியின் யோக்கியதை

போலீஸார் எந்த மோட்டார் வண்டியில் போனால் நமக்கென்ன, இதற்கு ஒரு வியாசம் வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டும் என்றே சொல்லுவோம். ஏனெனில் அந்த வண்டிக்குக் கொடுக்கும் விலை வரி கொடுப்பவன் பணம். அதற்குள் இரவும் பகலும் மணிக்கணக்காய் உட்கார்ந்து கிடப்பவன் வண்டியைத் தெரிந்தெடுக்கும் பெரிய உத்தியோகஸ்தன் அல்ல. கீழ்ப்படியிலுள்ள சாதாரணப் போலீஸ்காரன். அதன் எதிரில் தெருவைக் கடப்பவர்களோ நம்மைப் போன்ற பாதசாரிகள். இந்த மூன்று பேரையும் கேட்காமல் கம்பெனியின் பெயரையும் வண்டியின் தோற்றத்தையும் பார்த்து வாங்குவது என்பது எந்த நாட்டிலும் நடக்கக்கூடிய காரியமே. இதற்கு அமெரிக்க நாட்டின் அனுபவம் நல்ல பாடமாகும்.

அந்நாட்டில் வெகுகாலம் போலீஸ் வண்டி என்றாலே போர்டு கம்பெனியாரின் கிரவுன் விக்டோரியா என்னும் நீண்ட கார்தான். 2011-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அதன் உற்பத்தி நின்றபோது, "இனி அப்படி ஒரு வண்டி வருமா?" என்று துக்கம் கொண்டாடினவர்கள் அநேகர். ஆனால் அந்த வண்டியின் பெட்ரோல் தொட்டி பின்னச்சுக்குப் பின்னால் இருந்தது. ரோந்துப் போலீஸ்காரனின் வேலையோ சாலையோரத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்பது. வேகமாய் வரும் வேறொரு வண்டி பின்னால் வந்து மோதினால் தொட்டி உடைந்து தீப்பிடித்தது. போலீஸ்காரர்கள் உயிரோடு வெந்து மாண்டார்கள். 2002-ல் தான் தொட்டிக்குத் தகட்டுக் கவசம் போட்டுத் தரக் கம்பெனியார் முன்வந்தார்கள். ஆகவே பழைய வண்டியே மேல் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேசவேண்டும்.

அதன் இடத்திற்கு வந்தது எஸ்.யு.வி. என்று சொல்லப்படும் உயரமான வண்டி. அதிலும் நடுத்தர அளவுள்ள எக்ஸ்ப்ளோரரைப் போலீஸ் உபயோகத்துக்கென்று மாற்றிச் செய்தது. இந்த மாற்றம் நியாயமானதே என்பது நமது அபிப்பிராயம். போலீஸ் வண்டி என்றால் திருடனைத் துரத்திப் பறப்பது என்று சினிமா பார்த்தவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது பெரும்பாலான நேரம் என்ஜின் ஓட ஓட ஓரிடத்தில் நிற்கிறது. விளக்கு எரியவேண்டும், ரேடியோ பேசவேண்டும், கம்ப்யூட்டர் வேலை செய்யவேண்டும். இப்படி நின்றபடி ஒரு மணி நேரம் ஓடினால் என்ஜினுக்கு ஏற்படும் தேய்மானம் சுமார் 33 மைல் ஓடினதற்குச் சமம் என்று போர்டு கம்பெனியாரே கணக்குச் சொல்லுகிறார்கள். மைல் கணக்கை மட்டும் பார்த்து, இது புது வண்டி என்று நினைப்பது எவ்வளவு ஏமாற்றம் பாருங்கள்! 2020-ம் வருஷ மாடலில் பேட்டரியும் பெட்ரோலும் சேர்ந்த ஹைப்ரிட் யந்திரம் வந்தது. நிற்கும்போது மின்சாரத் தேவையைப் பேட்டரி தாங்குவதால் என்ஜின் அடிக்கடி ஓய்வு கொள்ளுகிறது. முன்னே காலனுக்கு 17 மைல் ஓடின இடத்தில் 24 மைல் ஓடுகிறது. இடுப்பில் துப்பாக்கியும் விலங்கும் கட்டினவன் உட்காருவதற்காக ஆசனத்தின் ஓரங்கள் குறைக்கப்பட்டிருக்கின்றன. பின்னாலிருக்கும் கைதி கத்தியால் குத்தாதபடி ஆசனத்தின் முதுகில் தகடும் உண்டு. இவையெல்லாம் யோசித்துச் செய்த காரியங்கள்.

நிற்க, இவ்வளவு யோசித்துச் செய்த வண்டியும் விஷ வண்டியாய் மாறிற்று. டெக்ஸாஸ் மாகாணத்து ஆஸ்டின் நகரத்தில், வண்டியோட்டிக்கொண்டிருந்த போலீஸ்காரர்களுக்குத் தலை சுற்றிற்று; வாந்தி வந்தது. காரணம் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் கலந்து பிராண வாயுவுக்கு இடமில்லாமல் செய்துவிடும். 2017 ஜூலையில் அந்நகரத்தார் ஏறக்குறைய 400 எக்ஸ்ப்ளோரர் வண்டிகளை ஒரே அடியாய் ரோந்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். போலீஸ் விளக்குகளுக்கும் கம்பிகளுக்குமாக வாங்கினபின் வண்டியின் பின்புறம் துளை போட்டவர்கள் அவற்றைச் சரியாய் அடைக்கவில்லை, புகை அதன் வழியாய் உள்ளே போகிறது என்று கம்பெனியார் சொன்னார்கள். யார் துளை போட்டிருந்தாலும் தங்கள் செலவில் அடைத்துக் கொடுப்பதாகவும் ஒப்புக்கொண்டார்கள். மத்திய சர்க்காரின் சாலைப் பாதுகாப்பு இலாகா 2016-ல் ஆரம்பித்த விசாரணை 2023 ஜனவரியில்தான் முடிந்தது. வண்டியின் அமைப்பில் குற்றமில்லை. அபாயமான அளவு வாயு காணப்பட்டது இப்படித் துளைபட்ட அல்லது பின்னால் மோதி அடிபட்ட போலீஸ் வண்டிகளில்தான் என்பது முடிவு. சரி, இருக்கட்டும். கம்பெனி போட்ட துளையா, கைவினைஞன் போட்ட துளையா என்று புகை விசாரித்துக்கொண்டா உள்ளே போயிற்று?

இங்குதான் "நம்பிக்கையான வண்டி" என்னும் வார்த்தையின் பொருள் வெளியாகிறது. மிச்சிகன் மாகாணப் போலீஸார் வருஷந்தோறும் போலீஸ் வண்டிகளை ஓட்டிப் பார்த்து, வேகமென்ன, பிரேக் எப்படி, வளைவில் நிலைக்கிறதா, உள்ளே இருக்க வசதியுண்டா என்று பரீட்சித்து, பலனை எல்லோருக்கும் பிரசுரம் செய்கிறார்கள். மெச்சத்தக்க வேலை. ஆனால் கம்பெனியார் கொண்டுவந்து நிறுத்தும் புது வண்டி வேறு. துளை போட்டு, கூண்டு வைத்து, இரண்டு தரம் மோதி, மூன்று வருஷம் இரவு பகல் ஓடின வண்டி வேறு. போலீஸ்காரன் உட்காருவது இரண்டாவதில்தான்.

இன்னொரு சங்கதி. அளவு பெரிதானால் கௌரவம் பெரிது என்று நினைத்து, நடுத்தர வண்டி போதுமான இடத்தில் யானை போன்ற வண்டியை வாங்குகிற நகரங்களும் உண்டு. 2023-ல் அமெரிக்க இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளின் சாலைப் பாதுகாப்புக் கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சியில், முகப்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள், 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உள்ள சரிந்த முகப்புள்ள வண்டிகளைவிட, மோதப்பட்ட பாதசாரியைக் கொல்லுவது சுமார் 45 சதவிகிதம் அதிகம் என்று கண்டார்கள். காப்பாற்ற வரும் வண்டிக்கு இந்த அளவும் பார்க்கப்படவேண்டாமா?

ஆகையால் நாம் கேட்பது அதிகமில்லை. சாமான்கள் பூட்டின பிறகு ஒரு தரமும், விபத்துக்குப் பின் பழுது பார்த்தவுடன் ஒரு தரமும் வண்டியின் உட்காற்றைச் சோதிக்கட்டும். மைலைவிட என்ஜின் ஓடின மணியைக் கணக்கு வைக்கட்டும். வாயு வந்தால் கூவும் சிறு கருவி ஒன்றை ஒவ்வொரு வண்டியிலும் முதல் நாளே மாட்டட்டும். ஆஸ்டின் நகரத்தில் அதை மாட்டினது போலீஸ்காரர்கள் நோய்ப்பட்ட பிறகுதான்.