வெள்ளைக்காரன் கட்டியதால் நிற்கவில்லை

எங்காவது ஒரு பாலம் இடிந்து விழுந்தால் போதும், டீக்கடை பெஞ்சிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை ஒரே பேச்சுதான்: “வெள்ளைக்காரன் கட்டினது நூறு வருஷமா கல்லு மாதிரி நிக்குது. நம்ம ஆளுங்க கட்டினது நாலு மழைக்குத் தாங்க மாட்டேங்குது.” பாம்பன் பாலமும் முல்லைப் பெரியாறு அணையும் உடனே சாட்சிக்கு அழைக்கப்படும்.

இந்தப் பேச்சில் உள்ள கோபம் நியாயமானது. வரிப்பணத்தில் கட்டிய பாலம் ஆளைக் கொல்லும்போது கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேரும் முடிவு தவறானது, ஆபத்தானதும்கூட. கட்டி முடித்த நாளிலேயே ஒரு பாலத்தின் தலையெழுத்து முடிவாகிவிடுகிறது என்று அது நம்மை நம்ப வைக்கிறது. அதன்பிறகு யார் போய்ப் பார்த்தார்கள், எதை மாற்றினார்கள், எப்போது மூடினார்கள் என்ற கேள்விகளை நாம் கேட்பதே இல்லை. ஆகவே இந்த வாதத்தை ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்ப்போம்.

“வெள்ளைக்காரன் கட்டியது விழுவதில்லை”

விழுந்திருக்கிறது, அதுவும் நம் கண் முன்னால். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தது. திருச்சியில் 1928-இல் கட்டப்பட்ட பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் சரிந்து ஆற்றுக்குள் போயின. அதே மாதம் 22-ஆம் தேதி இரவு, ஆற்றின் மேற்கே முக்கொம்பில், ஆர்தர் காட்டன் 1836–38-இல் கட்டிய மேலணையின் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஒரே ஆறு, ஒரே மாதம், இரண்டுமே ஆங்கிலேயர் கட்டியவை. கொள்ளிடம் பாலத்தில் உயிர்ச்சேதம் இல்லாமல் போனதற்குக் காரணம் அதன் உறுதி அல்ல. பக்கத்தில் புதிய பாலம் வந்ததும் பழையதில் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள், அதனால் பிழைத்தோம்.

இன்னும் பின்னால் போகலாம். 1956 நவம்பர் 23 விடியற்காலை அரியலூர் அருகே மருதையாற்று ரயில் பாலம் வெள்ளத்தில் பெயர்ந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. இறந்தவர்கள் ஏறத்தாழ 150 பேர். அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். 2001 ஜூன் 22-இல் கேரளத்தின் கடலுண்டியில் நூறாண்டு கடந்த பாலம் ஒன்று மங்களூர்–சென்னை மெயிலின் பெட்டிகளோடு விழுந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2016 ஆகஸ்ட் 2 இரவு மகாராஷ்டிரத்தின் மஹாடில் சாவித்திரி ஆற்றின் குறுக்கே இருந்த ஆங்கிலேயர் காலத்துக் கல்பாலம் இடிந்து, இரண்டு அரசுப் பேருந்துகள் பயணிகளோடு அடித்துச் செல்லப்பட்டன.

விழுந்தவை கண்ணில் படாமல் மறைந்துவிடுகின்றன. மிஞ்சியவை நின்றுகொண்டிருக்கின்றன. நிற்பதை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு “எல்லாம் நிற்கிறது” என்று சொல்வது கணக்கே அல்ல.

“அந்தக் காலத்துக் கட்டு அப்படியே நிற்கிறது”

அப்படியே நிற்பது எது? பாம்பனையே எடுத்துக்கொள்வோம். 1914 பிப்ரவரியில் திறந்த பாலம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது இந்தப் பாலத்தின் 145 கர்டர்களில் 126 கடலுக்குள் போயின. நடுவில், கப்பல்களுக்கு வழிவிடத் திறக்கும் ஷெர்சர் தூக்குப்பாலம் தப்பியது. இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரனின் குழு, கடலில் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து, 46 நாளில் மறுபடி ரயில் ஓட வைத்தது. 2007-இல் அகலப்பாதைக்காகப் பாலத்தை மீண்டும் வலுப்படுத்தினார்கள். ஆக, நாம் பார்த்து வியந்த பாம்பன் பாலம் 1964-க்குப் பிறகு நம்மவர்கள் கடலிலிருந்து மீட்டுப் பூட்டியது.

அதை நிற்க வைத்தது எது என்பது அந்தப் பாலத்தை அருகில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரும்பை உப்புக்காற்று எவ்வளவு வேகமாகத் தின்கிறது என்று அளப்பதற்கே காரைக்குடியின் சிக்ரி ஆராய்ச்சி நிறுவனம் பாலத்தின் இக்கரையான மண்டபத்தில் ஆய்வு நிலையம் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட கடற்கரை அது. அங்கே பெயிண்ட் அடிக்கிற வேலைக்கு முடிவு என்பதே இருந்ததில்லை. துருவைச் சுரண்டி, பூச்சுப் பூசி, மறுகோடிக்குப் போவதற்குள் முதல் கோடி மறுபடி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும். ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் கொடுக்க மாட்டார்கள். பாலத்தில் ரயில் ஊர்ந்துதான் போனது. தூக்குப்பாலப் பகுதியில் பழுது தெரிந்தபோது 2018 டிசம்பரில் ரயிலை நிறுத்திச் சரிசெய்தார்கள். 2022 டிசம்பர் 23-இல் மறுபடி நிறுத்தினார்கள்; இனி முடியாது என்று தெரிந்ததும் அதை நிரந்தரமாக்கினார்கள். நூறு ஆண்டுகளின் ரகசியம் இந்தப் பழுதுபார்ப்பிலும் கட்டுப்பாட்டிலும்தான் இருக்கிறது.

முல்லைப் பெரியாறும் அப்படித்தான். பென்னிகுயிக்கின் சுண்ணாம்பு–சுர்க்கி அணை 1895-இல் எழுந்தது. 1930-களிலேயே அதில் துளையிட்டுச் சிமெண்ட் பாலைச் செலுத்த வேண்டியிருந்தது. 1979-க்குப் பிறகு மத்திய நீர் ஆணையத்தின் யோசனைப்படி உச்சியில் கான்கிரீட் தொப்பி போட்டார்கள். அணையைத் துளைத்து அடிப்பாறை வரை எஃகு வடங்களை இறக்கி இறுக்கினார்கள். பின்பக்கம் கான்கிரீட் முட்டுக் கொடுத்தார்கள். 2006-இலும் 2014-இலும் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று சொன்னபோது, அணை குறித்த வழக்கில் தமிழகத்தின் வாதத்துக்கு முதுகெலும்பாக இருந்தது இந்தப் பலப்படுத்தல்தான். பென்னிகுயிக்கின் பெருமையை மட்டும் வைத்து அந்த வழக்கில் நாம் வாதாடியிருக்க முடியாது.

கட்டியவர் மேதையாக இருந்தாலும் இதுதான் நிலை. இத்தாலியின் ஜெனோவா நகரத்தில் புகழ்பெற்ற பொறியாளர் ரிக்கார்டோ மொராண்டி வடிவமைத்த பாலம் 1967-இல் திறக்கப்பட்டது. கடற்காற்றும் புகையும் பாலத்தை அரிப்பதாக அவரே 1979-இல் எழுதி எச்சரித்தார். 2018 ஆகஸ்ட் 14-இல் அது விழுந்து 43 பேர் இறந்தார்கள்.

“கல்லும் சுண்ணாம்பும்தான் உறுதி, கம்பியும் சிமெண்டும் ஏமாற்று”

இதில் பாதி உண்மை இருக்கிறது. கல் வளைவுப் பாலத்தில் சுமை முழுவதும் கல்லை அழுத்தியே கீழே இறங்குகிறது. அழுத்தத்தைக் கல் நன்றாகத் தாங்கும். துருப்பிடிக்க உள்ளே கம்பி கிடையாது. ஆனால் அதற்குப் பெரிய பெரிய தூண்கள் நெருக்கமாக வேண்டும். இன்றைக்கு நமக்கு வேண்டிய அகலத்துக்கும் நீளத்துக்கும் அது ஒத்துவராது.

கம்பி–கான்கிரீட்டுக்குத் தேவை வேறு வகைக் கவனம். ஏதாவது ஒரு மேம்பாலத்தின் ஓரத்தில் நின்று பாருங்கள். மழைநீர் வடியும் குழாயின் வாய் மண்ணும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக் கிடக்கும். கைப்பிடிச் சுவரின் இடுக்கில் ஒரு அரசங்கன்று வேர்விட்டிருக்கும். தேங்கிய தண்ணீர் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் வழியாகக் கீழே சொட்டி, தூணின் தலையில், பேரிங்கைச் சுற்றிக் கறுப்பாகப் படிந்திருக்கும். அந்த ஈரம் கம்பியைத் தொட்டால் துரு. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து நெம்பிக் கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும். பெயர்ந்து விழும் காரையைப் பார்த்துவிட்டு “சிமெண்ட் சரியில்லை” என்கிறோம். குழாயைக் குத்திவிட ஒரு ஆளும் ஒரு கம்பும் போதுமாயிருந்த காலத்தில் யாரும் போகவில்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

சுமையும் மாறிவிட்டது. மாட்டு வண்டிக்குக் கட்டியதில் இன்று டிப்பர் லாரி ஓடுகிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு சரக்கு வண்டிகளின் எடை வரம்பை உயர்த்தியபோது, பெரிய வண்டிகளுக்கு 49 டன்னாக இருந்தது 55 டன் ஆயிற்று. பாலங்கள் அதே பாலங்கள்தான். சுமையைக் கூட்டினால் சோதனையையும் கூட்டியாக வேண்டும்.

“எல்லாம் ஊழல், பராமரிப்பு என்பது வெறும் சாக்கு”

ஊழல் இருக்கிறது. மணலில் சிமெண்டைக் குறைத்தவர்களும் கம்பியை விழுங்கியவர்களும் இருக்கிறார்கள். அவர்களைச் சிறைக்கு அனுப்ப வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் திருட்டைக் கண்டுபிடிப்பது எது? தரமில்லாத கான்கிரீட் ஒரே நாளில் விழாது. முதலில் ஈரத்திட்டு தெரியும், பிறகு மயிரிழை விரிசல், பிறகு துருக்கறை. அதைக் குறித்துவைக்க ஆண்டுதோறும் ஒருவர் போனால், திருடிய ஒப்பந்தக்காரர் சீக்கிரமே பிடிபடுவார். சோதனையே நடக்காத இடத்தில்தான் ஊழல் பத்திரமாக வாழ்கிறது. பராமரிப்பைச் சாக்கு என்று ஒதுக்குகிறவர்கள் ஊழலைப் பிடிக்கும் ஒரே கருவியைக் கையிலிருந்து தூக்கி எறிகிறார்கள்.

“பழுது பார்த்தாகிவிட்டது, இனிப் பயமில்லை”

எனக்கு அதிகம் அச்சம் தருவது இந்த வாக்கியம்தான். குஜராத்தின் மோர்பியில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொங்குபாலம் ஒன்று ஆறு மாதம் மூடிப் புதுப்பிக்கப்பட்டு, 2022 அக்டோபர் 26-இல் திறந்தது. 30-ஆம் தேதி மாலை அறுந்து விழுந்து 135 பேரைக் கொன்றது. புதுப்பிப்பில் மரப் பலகைகளை எடுத்துவிட்டு அதைவிடக் கனமான அலுமினியத் தளம் போட்டார்கள். பாரம் முழுவதையும் தாங்கும் முதன்மை வடத்தில் கை வைக்கவில்லை. விசாரணைக் குழு பார்த்தபோது வடத்தின் 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே துருவேறியிருந்தன. திறப்பதற்கு முன் சுமைச் சோதனையும் செய்யவில்லை. கண்ணுக்குத் தெரியும் தளம் பளபளத்தது. உயிரைப் பிடித்திருந்த வடம் அப்படியே விடப்பட்டது.

2024 ஜூன், ஜூலையில் பீகாரில் சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பாலங்கள் விழுந்தன. சிவான், சாரண் மாவட்டங்களில் ஆற்றைத் தூர்வாரியபோது அஸ்திவாரத்தைச் சுற்றியிருந்த மண்ணையும் வாரிவிட்டதே காரணம் என்று மாநில அரசே சொல்லி, பொறியாளர்களை இடைநீக்கம் செய்தது. தூர்வாருவது நல்ல வேலை. பாலத்தை நினைக்காமல் செய்தபோது அதுவே பாலத்தைக் கவிழ்த்தது. கொள்ளிடத்தில் பல காலம் மணல் அள்ளிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மேம்படுத்தும் வேலையும் ஆபத்தான வேலைதான். எதைத் தொட்டோம், எதைத் தொடவில்லை, புதிதாக எவ்வளவு எடை ஏற்றினோம், சோதித்துத் திறந்தோமா என்று எழுத்தில் இல்லாவிட்டால், புதுப்பித்த பாலத்தைப் பழைய பாலத்தைவிடக் கவனமாகச் சந்தேகிக்க வேண்டும். புதிய பாம்பன் பாலத்தைத் திறப்பதற்கு முன்பே, 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் அதன் குறைகளை எழுத்தில் பதிவுசெய்தார். 75 கிலோமீட்டர், தூக்குப் பகுதியில் 50 கிலோமீட்டர் என்று வேகத்துக்கும் வரம்பு வைத்தார். அந்த அறிக்கையைப் பலர் அவமானமாகப் பார்த்தார்கள். அதை நான் பெருமையாகப் பார்க்கிறேன். கட்டுகிறவரும் சோதிப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருந்ததால்தான் அது வெளியே வந்தது.

“பாலத்தை மூடினால் ஊருக்குத் தொல்லை, பணமும் இல்லை”

தொல்லைதான். பாம்பனில் ரயில் நின்றபோது ராமேஸ்வரத்துக்காரர்கள் இரண்டு ஆண்டுக்கு மேல் மண்டபத்தில் இறங்கிப் பேருந்து பிடித்தார்கள். அந்தச் சிரமத்தின் விலைக்கு உயிர்கள் மிஞ்சின. குஜராத்தின் கம்பீரா பாலத்தின் நிலைமை பற்றி ஊர்க்காரர்கள் முன்னமே முறையிட்டிருந்தார்கள். வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. 2025 ஜூலை 9 காலை அது ஒடிந்து சுமார் 20 பேர் இறந்தார்கள். 1985-இல் திறந்த பாலம் அது.

பணத்தைப் பொறுத்தவரை, வடிகால் குழாயைத் திறந்துவிடுவதும் அரசங்கன்றை வேரோடு பிடுங்குவதும் பேரிங்குக்கு கிரீஸ் வைப்பதும் எந்த அரசையும் திவாலாக்காது. அவற்றுக்குத் திறப்பு விழா கிடையாது, அவ்வளவுதான். அமெரிக்காவில் 1967 டிசம்பர் 15-இல் ஓஹையோ ஆற்றின் சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்தார்கள். ஒரேயொரு இணைப்புக் கம்பியில் 2.5 மில்லிமீட்டர் ஆழ விரிசல்தான் காரணம். அந்நாடு அதிலிருந்து பாடம் கற்று, பாலங்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கத் தேசிய விதியையே கொண்டுவந்தது. நம் ரயில்வே தன் பாலங்களை மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என்று ஆண்டுக்கு இருமுறை பார்க்கிறது. ஊர்ச் சாலைப் பாலத்துக்கும் அந்த ஒழுங்கு ஏன் கூடாது?

செய்ய வேண்டியது தெளிவானது. ரயில் பெட்டியின் கோடியில், கடைசியாக எந்தத் தேதியில் பணிமனைக்குப் போனது, மறுபடி எப்போது போக வேண்டும் என்று பெயிண்டில் எழுதியிருக்கும். அதேபோல ஒவ்வொரு சாலைப் பாலத்திலும், திறந்துவைத்தவர் பெயர் பொறித்த கல்லுக்குப் பக்கத்தில், கடைசிச் சோதனைத் தேதி, சோதித்தவர் பதவி, அனுமதித்த எடை, அடுத்த சோதனைத் தேதி ஆகியவை எழுதப்பட வேண்டும். சோதிப்பவர் கட்டிய துறைக்குக் கீழே இருக்கக் கூடாது. ஆபத்து என்று அவர் எழுதினால் அன்றைக்கே பாலத்தை மூடும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். எந்த அமைச்சரின் தேதிக்காகவும் அது காத்திருக்கக் கூடாது.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. நீங்கள் தினமும் கடக்கும் பாலத்தைக் கடைசியாகச் சோதித்தது எப்போது, அறிக்கையில் என்ன எழுதினார்கள், எதைச் சரிசெய்தார்கள் என்ற மூன்று கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். பதில் இல்லாத பாலம் யார் கட்டியதாக இருந்தாலும் பாதுகாப்பானது அல்ல.